பதினோரு வினாடி

மொழியியல் துறையில் அவளுக்கு வைத்த பெயர் கமாக்காரி. யார் எழுதிக் கொடுத்தாலும் சரி, கமா இல்லாத இடத்தில் ஒன்றைச் செருகாமல் தட்டச்சு மேசையை விட்டு எழமாட்டாள். கேட்டால், "வாசகத்துக்கு மூச்சு விட இடம் வேணாமா சார்?" என்பாள். இருபத்தெட்டு வருடமாக அதே மூலை, அதே ஜன்னல். துறைத்தலைவர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். கூடிவந்த கல்யாணம் ஒன்று தட்டிப்போனது. பிறகு அப்பா படுத்த படுக்கையானார். நான்கு வருடம் அவருக்கு வாயில் ஊட்டி, உடம்பு துடைத்து அனுப்பி வைத்தாள். இப்போது ஐம்பது வயதில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள்.

அந்தத் துறைக்குப் பேரும் புகழும் வந்தது ஒரே ஒருவரால். பெரிய சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனிதர்கள் வாயால் பேசுவது பாதி. மிச்சத்தை வாசலில் திரும்பிக் கிடக்கும் செருப்பும் பாதி சாத்திய கதவும் பேசிவிடுகின்றன என்பது அவர் கட்சி. மற்றவர்கள் கல்வெட்டையும் காவியத்தையும் தேடிப் போன காலத்தில், அவர் கனமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் பின்னால் இருந்த தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கோபம் வந்தால் முதலில் காணாமல் போவது உறவுச்சொல்தான் என்று எண்ணிக் காட்டியவர் அவர். தினமும் 'அக்கா' என்றவள் ஒருநாள் 'இங்க பாருங்க' என்று ஆரம்பித்தால் சண்டை மூட்டை கட்டி வந்தாயிற்று என்று அர்த்தமாம்.

ஆனால் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது ஓர் அத்தியாயத்தால். இல்லாததும் ஒரு குறிதான் என்று அதில் வாதிட்டிருந்தார். வாதம் முழுக்க ஒரு பெண்ணின் மௌனத்தின்மேல் நின்றது. அவர் ஒரு கேள்வி கேட்கிறார். அவள் பதினோரு வினாடி பேசாமல் இருக்கிறாள். சொல்லாமல் விட்டதே அவள் சொன்ன பதில் என்று நாற்பது பக்கம். அதைத் தட்டச்சு செய்தது கமாக்காரிதான், வேலைக்குச் சேர்ந்த வருடம். நாற்பது பக்கத்துக்கும் கமா போட்டிருந்தாள்.

பெரிய சார் போன வருடம் காலமானார். அவர் மகளும் அதே துறையில் ஆசிரியை. முப்பத்தொரு ஒலிநாடாக்களையும் கணினியில் ஏற்றிக் கொண்டுவந்து, "அக்கா, உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரலை. ஒரு சொல் விடாம எழுத்தாக்கிடுங்க, புத்தகமாப் போடணும்," என்றாள்.

ஒன்பதாவது ஒலிநாடாவின் சீட்டில் பெயர் கிடையாது. பெண், வயது இருபத்தாறு, கணவர், மகன், மகள். அவ்வளவுதான். முற்பகல் வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டினாள். கணீரென்ற குரல், அடிக்கடி சிரிப்பு. பாதியில் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. "இருங்க சார், பாப்பாவுக்கு மொத்தி வேணும். மொத்தி இல்லாம தூங்கமாட்டா," என்றாள் அந்தப் பெண்.

கமாக்காரியின் விரல்கள் நின்றுவிட்டன.

மொத்தி என்றால் தலையணை. உலகத்தில் எந்த அகராதியிலும் இல்லாத சொல். அண்ணன் மட்டும் சொல்வார். "என் மொத்தி எங்கே?" என்று அவர் தேடும்போதெல்லாம் அண்ணி, "உங்க வம்சத்து பாஷைக்குக் கோனார் உரை வேணும்," என்று முப்பது வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

அம்மா இறந்தபோது கமாக்காரிக்கு இரண்டு வயது. அம்மாவின் முகமாவது ஒரு படத்தில் இருந்தது. குரல் எதிலும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அம்மா காதுக்குள் சிரிக்கிறாள். அழுதுகொண்டிருக்கும் அந்தக் குழந்தை தான்தான். வழக்கப்படி 'குழந்தை அழுகிறது' என்று தட்ட வேண்டும். தட்டினாள். தட்டிவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பெரிய சார் கேட்டார்: "உங்க வீட்ல வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் புரியற விஷயம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். பக்கத்து வீட்டுப் பக்கம் ஜன்னல் இருக்குல்ல, அதுல கண்ணாடி டம்ளரைக் கவுத்து வச்சா, அவர் கோவமா இருக்கார், வராதீங்கன்னு அர்த்தம். நிமித்தி வச்சா அந்த அக்கா வரலாம்."

"அவங்க வந்தா அவருக்குப் பிடிக்காதா?"

"யார் வந்தாலும் பிடிக்காது."

"என்னைக்காவது நிமித்தவே முடியாமப் போனா?"

அதன்பின் மௌனம். அந்த மௌனம். பதினோரு வினாடி கழித்து, "அவ்வளவுதான் சார். வேற ஒண்ணும் இல்லை. நீங்க கிளம்புங்க," என்றது குரல். அதில் சிரிப்பு துடைத்து எடுத்தாற்போல் போயிருந்தது.

அன்று மாலை பேருந்தில் யாரோ பின்னால் சிரித்தபோது திரும்பிப் பார்த்தாள். மாடிப்படி ஏறும்போது ஒரு தரம் நின்று காது கொடுத்தாள். இரண்டு நாளும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கணினியைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டுக்கு எங்கே நோவு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது, விடு," என்றார் முதலில்.

"அம்மா பேசறாங்க அண்ணா."

அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மௌனம் வந்த இடத்தில் அவர் கை சட்டென்று உயர்ந்தது. "திரும்பப் போடு." மறுபடி போட்டாள். "சத்தத்தைக் கூட்டு."

இரைச்சலுக்கு அடியில் ஏதோ மெல்லிய கிறீச், பிறகு டக் என்று ஓர் ஓசை. இருபது தரம் கேட்டும் அவள் கவனிக்காதது.

"சைக்கிள் ஸ்டாண்டு," என்றார் அண்ணன். "அப்பா சைக்கிள். ஸ்பிரிங் போயிருந்துச்சு, ரெண்டு தரம் உதைச்சாதான் நிக்கும். அம்மா யோசிக்கலை. அப்பா வந்துட்டார்னு வாயை மூடிக்கிட்டாங்க."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அம்மா காய்ச்சல்லதான் செத்தாங்களா அண்ணா?"

"காய்ச்சல்தான். அதுல பொய் இல்லை." அவர் கணினியை மெல்ல மூடினார். "அஞ்சு நாள் கொதிச்சுது. ஆஸ்பத்திரி வேண்டாம், சரியாயிடும்னுட்டார். அஞ்சு நாளும் டம்ளர் கவுந்தே இருந்துச்சு. அம்மாவால எழுந்து வரமுடியலை. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துட்டு வரலை. வந்திருந்தா தூக்கிட்டுப் போயிருப்பாங்க." டம்ளரைத் திருப்புவதுபோல் கையைத் திருப்பினார். "எனக்கு அர்த்தம் தெரியும்மா. நான் நிமித்தி வச்சிருக்கலாம். பயமா இருந்துச்சு."

நாற்பத்தெட்டு வருடமாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. கட்டின மனைவியிடம்கூட. அண்ணி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை கமாக்காரி எழுத்தாக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தாள். இங்கே இருப்பது மௌனம் அல்ல. கணவரின் சைக்கிள் வந்து நிற்கும் ஓசை. அதைக் கேட்டுப் பேச்சு நின்றது. பெரிய சாரின் மகள் அதைப் படித்துவிட்டு நான்கு நாள் அந்த மூலைப் பக்கமே வரவில்லை. அப்பாவின் பெயர் நிற்பதே அந்த நாற்பது பக்கத்தில் அல்லவா? ஐந்தாம் நாள் மேசைக்கு வந்தாள்.

"அப்பா இருந்திருந்தா முதல்ல ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருப்பார். அப்புறம் அந்தச் சத்தத்தைப் பத்தியே இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார். இருக்கட்டும் அக்கா. அப்படியே போகட்டும்."

புத்தகம் வந்தது. தூர தேசத்திலிருந்தெல்லாம் கடிதம் போட்டார்கள். மௌனத்தைப் பற்றி எழுதிய சிலர் கோபித்துக்கொண்டார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. தெருவில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டால் விரல்கள் தாமாக நின்றுவிடும். நின்றது தெரிந்தபின்தான் மறுபடி நகரும். கூடத்தில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. எடுத்தாலும் அது ஒரு பேச்சு, விட்டாலும் அது ஒரு பேச்சு. தன் கையால் ஊட்டிய வாய் அது. அவளும் அண்ணனும் அதைக் கடக்கும்போது தலை குனிந்தார்கள். எடுக்கச் சொல்லி அண்ணியும் கேட்கவில்லை.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அண்ணன் கேட்டார்: "அந்தக் குறிப்புல என் பேரைப் போட்டியா?"

"பேர் போடலை. சத்தத்தை அடையாளம் சொன்னவர் மகன், பதிவின்போது வயது பத்துன்னு போட்டேன்."

"வயசு எதுக்கு?"

"படிக்கிறவங்க பார்க்கட்டும்னுதான். பத்து வயசு, அண்ணா. பத்தே வயசு."

அவர் ஈரக் கையைத் துடைக்க மறந்து நின்றார். பிறகு, கேட்காமலே, அம்மாவுக்கு இடது கன்னத்தில் மட்டும் குழி விழும் என்று சொல்ல ஆரம்பித்தார்.