நாற்பத்து நான்கில் ஓர் ஊசி

எக்ஸ்கதிர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்த நேரத்தைக் கல்யாண வீடுகளில் செலவழித்திருந்தால் கெய்ராவுக்கு எப்போதோ மாப்பிள்ளை கிடைத்திருப்பான் என்பது அவள் அம்மாவின் கட்சி. கெய்ரா மறுத்ததில்லை.

ஓரான் பல்கலைக்கழகத்தில் அவள் செய்துவந்தது ஒரு பொடி. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க உதவும் வினையூக்கி. வெள்ளை அலுமினாவின் மேல் நிக்கல் நுண்துகளாகப் பரவியிருந்தால் அது வேலை செய்யும். உருண்டு திரண்டுவிட்டால் வீண். திரண்ட நிக்கலுக்கு இயந்திரம் ஊசிபோல் கோடு வரையும். பரவிய நிக்கலுக்குத் தணிந்த மேடுதான் வரும்.

அந்த வியாழக்கிழமை இயந்திரத்தின் கோணம் நாற்பத்து நான்கு டிகிரியைத் தாண்டியதும் ஊசி எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சோதனை உலைக்குப் போவது ஒரே ஒரு பொடி: அவளுடையது, இல்லையென்றால் உடன் ஆய்வு செய்யும் லக்தருடையது. பேராசிரியை ஸூபிதா அன்று சாயங்காலமே முடிவு சொல்வார். தோற்றால் கெய்ராவின் ஆய்வேடு மறுபடியும் முதலிலிருந்து.

"என்னக்கா, நிக்கலெல்லாம் கும்பல் கூடிடுச்சா?" என்று எட்டிப் பார்த்தான் லக்தர்.

"வாயை மூடுடா. உனக்குத்தான் அடிச்சது யோகம்."

"இந்தா, கரன்டிகா. ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும், இப்பவே சாப்பிடு."

கடலைமாவுக் கரன்டிகா திணித்த ரொட்டியைக் கையில் வைத்தபடி அவள் கோட்டையே பார்த்தாள். திரண்ட நிக்கலுக்கு ஓர் ஊசியோடு முடியாது. ஐம்பத்திரண்டை ஒட்டி இன்னொன்றும் நிற்க வேண்டும். அங்கே தாழ்ந்த மேடுதான் இருந்தது.

"லக்தர், பொடியை எதுல வெச்சேன்?"

"அலுமினியத் தட்டுலதான். கண்ணாடித் தட்டைத்தான் நான் ஒடைச்சுட்டேனே."

பொடி கொஞ்சம்தான் மிச்சமிருந்ததால் தட்டில் மெல்லியதாகத் தடவியிருந்தாள்; கதிர் அதை ஊடுருவித் தட்டையும் தொட்டிருக்கும். இப்போது பொடியைச் சுரண்டி எடுத்துவைத்து, தட்டைத் துடைத்துவிட்டு, காலியாகவே உள்ளே வைத்தாள். அதே இடத்தில் அதே ஊசி எழுந்தது.

"அடப்பாவி! இது தட்டோட கோடுடா. அலுமினியத்தோட கோடும் நிக்கலோட கோடும் ஒரே இடத்துல ஒட்டி நிக்குது, நான் பாட்டுக்கு ஒப்பாரி வைக்கப் பாத்தேன்!"

உயிரியல் துறையிலிருந்து நுண்ணோக்கியில் வைக்கும் ஒரு கண்ணாடி வில்லையை லக்தரே ஓடிப்போய் வாங்கிவந்தான். எடுத்துவைத்த பொடியை அதன்மேல் பரப்பி மறுபடி ஓட்டினார்கள். ஊசி இல்லை; இரண்டு இடத்திலும் மேடுதான்.

ஸூபிதா கோடுகளை அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தார். "சரி, கெய்ரா. ஞாயித்துக்கிழமை உன்னோடது போகட்டும்."

"தட்டை ஒடைச்சவன் நான், பழி நிக்கலுக்கு," என்றான் லக்தர்.

கெய்ரா ஆறிப்போன ரொட்டியைக் கடித்தாள். வாய் நிறைய கரன்டிகா. ரப்பராக இழுத்தது, அவள் விடாமல் மென்றுகொண்டிருந்தாள்.