ஓர இலை

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் பாயசத்தைத் தனபாலன் அத்தான்தான் பரிமாறுவார். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை முதலாளி. பந்தி என்று வந்துவிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிவிடுவார். சர்க்கரை வியாதிக்காரர். தான் ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டார்.

1978இல் அவர் மகளுக்குக் கல்யாணம். முந்தின வாரம்தான் மாப்பிள்ளையைப் பற்றி எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். பந்தியில் என் இலை கடைசி, தூணோரம். பக்கத்து இலை வரை பாயசம் ஊற்றியவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பிவிட்டார். சபையில் இதைவிட அவமானம் உண்டா? பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, அக்கா சுந்தரவல்லி அழைத்தாளே என்று போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் கண்ணுல லேசர் வச்சாங்கடா. நடுப்பார்வை மிஞ்சணும்னா ஓரத்தைச் சுட்டுத்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். பக்கவாட்டுல இருக்கிறது தெரியமாட்டேங்குது. உங்க அத்தான்தான் யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

"பேப்பர் படிக்கிற கண்ணுக்கு ஆள் தெரியாதா?" என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரில் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"வல்லி, உன் தம்பி குரல் கேட்டுதே. இந்தத் தடவையும் சாப்பிடாமப் போயிட்டானா?"