மிசோரிப் புல்லில் வெறுங்கால்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி ரஞ்சித் வாரநாளில் அந்த நேரத்துக்கு அழைப்பவன் அல்ல. "அக்கா, அப்பா போயிட்டார்" என்றான். அதிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. திருச்சி கே.கே. நகரின் இந்தச் சின்ன வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

அப்பா மாத்ருபூதம் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவானைக்காவல் வீட்டில் விடிந்ததும் குளித்து, ஈர வேட்டியோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பூவும் வில்வமும் பறிப்பார். காலில் செருப்பு இருக்காது. காலை ஷிப்டு இருந்த நாட்களிலும் அதை விட்டதில்லை.

ரஞ்சித் இருப்பது மிசோரி மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே. கோடையில் அங்கே போன அப்பா, மறுநாளே வீட்டின் பின்னால் இடுப்பளவு புல்லுக்குள் பூத் தேடி இறங்கிவிட்டார். வீடியோ காலில் தினம் ஒரு பிராணியைப் பற்றிச் சொல்வார். முகத்தில் கரி பூசினாற்போல் ஒன்று வந்து குப்பைத்தொட்டியைத் திறந்ததாம். புல்லில் இருக்கும் ஏதோ பூச்சி கடித்து முழங்கால் வரை சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்ததையும் காட்டினார்.

"நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால் கொசு பாட்டுப் பாடிட்டு வந்து கடிக்கும். இது திருட்டுப் பய."

பேன்ட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு போகச் சொல்லி ரஞ்சித் மன்றாடினான். செருப்புக் காலோடு பறித்த பூவைச் சாமிக்குப் போடுவதா என்று அப்பா கேட்டார். அங்கே வில்வம் கிடைக்காததுதான் அவருக்குப் பெரிய குறை. வேலியோரக் கொடி ஒன்றில் மூன்று மூன்று இலையாக இருப்பதைப் பார்த்து, கை நிறையப் பறித்து ஜம்புகேஸ்வரர் படத்துக்குச் சாத்திவிட்டார். அது தொட்டாலே கொப்புளம் கிளப்பும் விஷக்கொடி. இரண்டு கையிலும் மருந்து பூசிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எனக்கே இப்படின்னா, அவருக்கு எப்படி அரிச்சிருக்கும் பானு?"

அன்று நானும் சிரித்தேன்.

பிறகு உண்ணி கடித்தது. இரண்டைப் பிடுங்கி நகத்தால் நசுக்கியதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பசுவுக்கு உண்ணி எடுத்துவிட்டுப் பழகியவர். மாட்டு உண்ணிதானே என்றார். இங்கே யார் உண்ணிக்குப் பயந்தோம்?

அதற்கப்புறம் அவருடைய பேச்சு முழுக்க அம்மாவின் திதியைப் பற்றித்தான். மகன் வெளிநாட்டில் இருப்பதால் வருஷா வருஷம் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் அப்பாவேதான் கொடுப்பார். இந்த வெள்ளிக்கிழமை திதி. புதன்கிழமை திருச்சியில் இறங்குவதாக டிக்கெட். புரோகிதரிடம் சொல்லிவிட்டாயா என்று ஒவ்வொரு போனிலும் கேட்டார். குரல் கம்மியிருந்தது. என்னப்பா என்றால், "ஏசி சளிம்மா. அவன்கிட்ட எதையாவது சொல்லி வைக்காதே, டிக்கெட்டை மாத்திடுவான்" என்றார்.

சளி இல்லை, காய்ச்சல். இங்கிருந்து கொண்டுபோன மாத்திரையை விழுங்கிவிட்டு, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, பெட்டியும் கட்டியிருக்கிறார். பாத்ரூமில் விழுந்த பிறகுதான் ரஞ்சித்துக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உடம்பெங்கும் புள்ளி. உண்ணிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்து ஊசி போடுவதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது.

"மொத நாளே சொல்லியிருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்குமாம்க்கா." இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். அப்பாவின் குரல் கம்மியிருந்ததை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

அங்கே தகனம் முடித்து அவன் அஸ்தியோடு அடுத்த வாரம் வருகிறான். தீட்டு என்பதால் அம்மாவுக்கு இந்த வெள்ளிக்கிழமை திதி கிடையாது. புரோகிதர் நேற்று மத்தியானம் அழைத்தார், நான் எடுக்கவில்லை. அப்பா வருவார் என்று எள்ளும் தர்ப்பையும் எடுத்துவைத்திருப்பார். புரோகிதருக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.