மலை இறங்கியும் திறக்காத காது

மேகமலையிலிருந்து வேன் இறங்கிக்கொண்டிருந்தபோது என் காதுகள் அடைத்தன. வண்டியில் எல்லோருக்கும் அடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. குமுளி போனாலும் போடிமெட்டு போனாலும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அடைக்கும். எச்சிலை விழுங்கினால் பட்டென்று திறந்துகொள்ளும். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒவ்வொருவராகத் திறந்துவிட்டது என்றார்கள். எனக்கு இடது காது மட்டும் திறந்தது.

நான் சின்னமனூர்க்காரி. தேனியில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளி ஆசிரியையான ஜெயந்தி நடத்தும் சிறு குழுவோடு கண்மாய்க்கரை, வயல் வரப்பு, ஆற்றோரம் என்று போவேன். அங்கே உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் வரைந்து எழுதிக்கொண்டு வருவோம். எனக்கு வரைய வராது. நான் வரைந்த கொக்கைப் பார்த்து, "குடையை எதுக்குக்கா வரைஞ்சீங்க?" என்று கேட்டவள் ஜெயந்தி.

ஆனால் என் காது பொல்லாதது. பக்கத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அது நாம் என்று வைத்துக்கொண்டு, எந்தச் சத்தம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் வந்தது என்று சுற்றிலும் குறிக்கும் ஒரு பயிற்சி உண்டு. சத்தப்படம் என்போம். அதில் என்னை அடிக்க ஆளில்லை. பறவைகளின் குரலைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டே, செம்போத்து பின்னால் புதரில், குக்குறுவான் கரைமேல் அரசமரத்தில் என்று சொல்லிவிடுவேன். எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், அங்கேதான் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டி எனக்குக் கிடைத்த ஒரே கர்வம் அது.

காது திறக்காததை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். ஏலம் கூவிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள்ளும் வாழைத்தார் விற்பதுபோலத்தான் பேசுவார்.

"மலை எறங்குனா அடைக்கத்தான செய்யும். எச்சியை முழுங்கு, சரியாப் போயிரும்."

விழுங்கினேன். கொட்டாவி விட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். அலுவலகத்தில் தினமும் மலை ஏறி இறங்குகிற ஒருவர் பபிள்கம் மெல்லச் சொன்னார்; அதையும் மென்றேன். காதுக்குள் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்பதுபோல ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. காற்றுதான் சிக்கியிருக்கிறது, வெளியே வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னோம். வாரம் முடியப்போனது.

ஒருநாள் வலது காதில் போனை வைத்து, "ஹலோ, ஹலோ, பேசுங்க" என்று எரிச்சலோடு கத்திக்கொண்டிருந்தேன். கைமாற்றி இடது காதில் வைத்தால் எதிர்முனையில் என் தங்கை, "கேக்குதுக்கா, ஏன் கத்துற?" என்கிறாள். அடைத்த காதில் மெலிதாகவாவது கேட்க வேண்டாமா?

தேனியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கில்லை, சீழில்லை. பிறகு இசைக்கவையைத் (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரட்டைக் கம்பி) தட்டி, அதன் அடியை என் நெற்றி நடுவில் வைத்தார்.

"எந்தக் காதுல கேக்குதும்மா?"

"இடது காதுல."

"அவசரப்படாம, நல்லாக் கவனிச்சுச் சொல்லுங்க."

மறுபடியும் இடதுதான். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அடைப்பா இருந்தா, அடைச்ச காதுலதான் சத்தம் கூடுதலாக் கேக்கும். உங்களுக்கு நல்ல காதுல கேக்குது. இது நரம்புக் குறைபாடு."

"மலையிலிருந்து எறங்கும்போதுதான் டாக்டர் அடைச்சது."

"எறங்கும்போது வந்திருக்கு. ஆனா, மலை எறங்குனா வர்ற சாதாரண அடைப்பு இல்ல இது. மறுநாளே வந்திருக்கலாமேம்மா."

திடீர்ச் செவிநரம்புக் கேள்திறன் குறைவு (உள்காதோ அதன் நரம்போ எதிர்பாராமல் செயலிழப்பது) என்று எழுதினார். பெரும்பாலும் காரணம் தெரியாதாம். மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லதாம். இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு காது சட்டென்று அடைத்து, மறுநாளும் அப்படியே இருந்தால், தயவுசெய்து யாரிடமும் யோசனை கேட்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். நாங்கள் மலையின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாட்களைத் தொலைத்தோம்.

"திரும்ப வருமா டாக்டர்?"

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி. சிலருக்கு வராமலே போயிரும்."

நான் இதில் எந்தச் சிலர் என்று பார்ப்பதுதான் அடுத்த வாரங்களில் என் முழுநேர வேலையாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தைக் குறைக்கும் வலுவான மருந்து) தூக்கத்தைத் தின்றது, பசியைக் கிளப்பியது, சர்க்கரையை ஏற்றியது. நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை என்று தெரியும்வரை நான் வீட்டில் பாத்திரத்தைக்கூட ஒழுங்காகக் கழுவவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே உரசிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குளிக்கும்போது, பஸ்ஸில், சாமி கும்பிடும்போதுகூட உரசினேன். கேட்கிறதா, கேட்பதுபோல இருக்கிறதா என்றே பிரித்தறிய முடியவில்லை.

மாத்திரையில் போதிய பலன் இல்லாததால், செவிப்பறை (காதுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) வழியாக ஊசி போட்டார்கள். போட்டபின் தலையைச் சாய்த்துப் படுக்க வேண்டும். மருந்து உள்ளே தங்குவதற்காக எச்சிலை விழுங்கக் கூடாது. அத்தனை நாள் விழுங்கு விழுங்கு என்ற என் வீட்டுக்காரர், வெளியே நாற்காலியில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்காக அவரும் விழுங்காமல் இருந்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசிக் கேள்திறன் சோதனையில் கனத்த ஒலிகள் ஓரளவு திரும்பியிருந்தன. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் திரும்பவில்லை. "இதுக்கு மேல வந்தா லாபம்னு வச்சுக்கங்க" என்றார் மருத்துவர். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் அறியுமாம். இனி எல்லாமே நல்ல காதுப் பக்கமிருந்து வருவதுபோலத் தோன்றலாம், சாலையில் கவனம் என்றார்.

அது என்னவென்று வீரபாண்டித் திருவிழாவில் தெரிந்தது. கூட்டத்தில் என் வீட்டுக்காரரின் கை விட்டுப்போனது. "வனிதா! ஏய் வனிதா!" என்று அவர் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. ஊரறிந்த குரல்தான், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இடப்பக்கமே போனேன், குரல் தேய்ந்தது. கூட்டத்தின் நடுவில் குழந்தைபோல நின்றுவிட்டேன். அவர் வந்து வலது தோளைத் தொட்டபோது அலறியே விட்டேன். அதன்பின் வாரக்கணக்கில் வீட்டைவிட்டுத் தனியாகப் போகவில்லை.

ஜெயந்தி நேரில் வந்தாள். "டாக்டரம்மா வெளிய போகக் கூடாதுன்னா சொன்னாக? கண்மாய் வத்திக் கிடக்கு. சும்மா வந்து உக்காருங்கக்கா."

போனேன். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் சரளைக் கற்கள் பரவிய இடத்தில் உட்கார்ந்து புள்ளி வைத்தேன். குருவிகள், கரிச்சான், தூரத்து டிராக்டர் எல்லாம் புள்ளிக்கு இடப்பக்கமே வந்து குவிந்தன. வலப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. உலகத்தில் பாதியை யாரோ அழித்துவிட்டதுபோல இருந்தது. இடப்பக்கம் ஆள்காட்டிக் குருவி ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அங்கே யாரையோ விரட்டுகிறது என்று நினைத்தேன். இனி இந்த வேலையே வேண்டாம் என்று நோட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

"அக்கா! அங்கனயே நில்லுங்க! காலை எடுக்காதீங்க!"

ஜெயந்தியின் குரல். இடப்பக்கம் பார்த்தேன், யாருமில்லை. பாம்போ என்று நினைத்தேன். அசையாமல் நின்று, கழுத்தை மட்டும் மெதுவாக வலப்பக்கம் திருப்பினேன். ஜெயந்தி அங்கே நின்று தரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், என்னிடமிருந்து நாலு எட்டில், அந்த ஆள்காட்டி இறக்கையை விரித்துக் கத்திக்கொண்டிருந்தது. அது விரட்டியது என்னைத்தான். என் வலது காலுக்கு ஒரு சாண் தள்ளி, கற்களின் நிறத்திலேயே, புள்ளி போட்ட நான்கு முட்டைகள்.

வந்த தடத்திலேயே பின்வாங்கி, கரையேறி, பனைமரத்தின் மறைவில் நின்றோம். குருவி உடனே வரவில்லை. வந்தது, சுற்றியது, மறுபடி விலகியது. வெகுநேரம் கழித்து முட்டைகளின்மேல் அடங்கி உட்கார்ந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முன்பு சத்தமும் திசையும் எனக்குச் சேர்ந்தே வரும். இப்போது சத்தம் முதலில் வருகிறது. அது எங்கே என்பது, உடம்பு முழுவதையும் திருப்பித் தேடியபின் வருகிறது. நடுவில் ஒரு சிறு பொழுது எனக்கு எதுவும் தெரியாது. பயம் இன்னும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்தப் பொழுது முடியும்வரை நான் காலை எடுத்து வைப்பதில்லை.