வீராசாமி பாட்டுக்கு இருபத்தைந்தாம் வருஷம்

செத்துப்போன பாட்டுக்காரர்களுக்கெல்லாம் வருஷம் தவறாமல் திவசம் கொடுக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் ஒருவன்தான். மைக்செட் தங்கதுரை. பெற்ற அப்பனுக்கு அமாவாசைப் படையல் போட அவன் பெண்டாட்டி கோகிலவாணி இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டும். ஆனால் எந்தப் பாடகர் எந்த மாசம் எந்தத் தேதியில் கண்ணை மூடினார், எந்தத் தபேலாக்காரருக்கு இது எத்தனையாவது நினைவு நாள், எந்தக் கேசட் எந்தப் பொங்கலுக்குக் கடைக்கு வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த நாளில் அவன் செட் எந்த வீட்டு வாசலில் கட்டியிருந்தாலும் அந்த ஆளின் பாட்டுதான் ஓடும். ஒரு காதுகுத்து வீட்டில், போய்ச் சேர்ந்த ஒரு பாடகியின் சோகப் பாட்டாகவே காலையிலிருந்து போட்டுத் தள்ளினான். தாய்மாமன் எழுந்து வந்து, "இன்னாய்யா, காது குத்துற கொழந்தையே கம்மியாத்தான் அழுவுது, நீ ஜாஸ்தியா அழுவுற?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

ஊர், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற ஊர்களில் ஒன்று. மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. ஊரில் காலையில் ஒரு பாட்டுப் போட்டால் காற்று சாதகமாக இருக்கிற நாளில் மலையடிவாரம் வரைக்கும் கேட்கும்.

தங்கதுரையின் சாமிகளில் பெரிய சாமி களமருதூர் வீராசாமி. பெரிய பாடகர் என்று வெளியூரில் யாருக்கும் தெரியாது. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற கூலிக்காரர். சாவு வீடுகளில் அவர் பாடிய பாட்டுகளை உளுந்தூர்பேட்டையில் ஒரு கடை மாடியில் வைத்துக் கேசட்டாகப் பதிந்தார்கள். கீழே நெடுஞ்சாலையில் லாரி சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் ஒரு பாட்டு, மறுபடி ஓய்ந்தால் இன்னொரு பாட்டு. ஆம்ப்ளிபையர் பெட்டியைத் தோளில் தூக்கிப் போன இளவட்டம் தங்கதுரை. மூன்றாவது பாட்டில் ஓர் இருமல் கேட்கும். அது அவனுடையது. திரும்பப் பாட வீராசாமிக்குத் தொண்டை இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் சாவுக்கு நான் இருமியிருக்கிறேன் என்று தங்கதுரை பெருமையடிப்பான்.

அந்தக் கேசட்டின் முதல் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் கேட்டால் சாவு என்று அர்த்தம். நடவில் குனிந்திருக்கிற பெண்கள் நிமிர்வார்கள். டிராக்டர்காரன் வண்டியை அணைத்துவிட்டு, "யாரு?" என்பான். செத்தவர் பெயரை மைக்கில் சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அது மரியாதைக் குறைவு. பாட்டு முதலில் போகும், பிறகு ஆள் போய் உறவுக்காரர் வாசலில் நின்று சொல்ல வேண்டும். பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது, அந்த ஊரில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்து, ஆள் வருவதற்கு முன்பே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்ததால் தங்கதுரை ஜாக்கிரதையாகத்தான் இருந்தான். வீராசாமி செத்த நாளில் அவருடைய காவடிப் பாட்டுகளைப் போடுவான். கேசட் வந்த நாளில், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சாவுப் பாட்டுகளைத் தனியாகக் கேட்பான். ஆனால் இந்த வருஷம் கேசட்டுக்கு இருபத்தைந்தாம் வருஷம். மனசு கேட்கவில்லை. வீராசாமி படம் போட்டு, 'பாட்டுக்கு இருபத்தைந்தாம் வருஷம்' என்று ஒரு பிளெக்ஸ் அடித்தான். மொட்டைமாடியில் நான்கு குழாயைக் கட்டினான்.

"அந்தப் பாட்டயா போடப்போற? ஊர்ல சொல்லிட்டியா?" என்றாள் கோகிலவாணி.

"டீக்கடையில சொல்லிட்டேன்டி. எல்லாருக்கும் தெரியும்."

ஊருக்குத் தெரியும்தான். ஆனால் குழாய் நான்கும் மலையைப் பார்த்து இருந்தன. அந்தப் பக்கம் யாருக்கும் அவன் சொல்லவில்லை.

அடுத்த வீடு பிச்சைமுத்துவுடையது. மூச்சு வாங்குகிற நோயோடு வேப்பமரத்தடிக் கட்டிலில் கிடந்தார். அவர் மகள் நிர்மலா, மலையடிவாரத்தில் கரும்பு வெட்டுகிற ஒரு பையனை, வேற்றுச் சாதிக்காரனை, யாரிடமும் சொல்லாமல் கட்டிக்கொண்டு போனவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். பிச்சைமுத்து தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் செத்தா பாட்டு கேக்கும். அப்ப வா. அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத." அன்றைக்குத் தெருவில் நின்று கேட்டவர்களில் தங்கதுரையும் ஒருவன்.

பாட்டு ஒரு சுற்று முடிந்து மறு சுற்றில் ஓடிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நிர்மலா தலைவிரிகோலமாக இறங்கி ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை. ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் கோடி வேட்டி. "என்னப் பெத்த நைனா" என்று அவள் போட்ட சத்தத்தில் நாய்கள் ஒதுங்கின.

பிச்சைமுத்து கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் நின்றாள். முகம் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தது. பிறகு அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில் வந்ததே, மாடியில் நின்ற தங்கதுரைக்கு அதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "நைனா! இருக்கியா நைனா?" என்று சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் காலைத் தொடக் குனிந்தாள்.

கிழவரின் கண் வேட்டிமேல் விழுந்தது. "கோடி எடுத்தாந்திருக்கியா? எப்ப சாவான்னு காத்துக்கினு இருந்தியா?" என்றார். மூச்சு இரைத்தது. "போ. இன்னும் சாவல. நெசமா செத்தா பாட்டு கேக்கும், அப்ப வா."

அம்மா ஜெயம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். நிர்மலா திரும்பும்போது ஒரு தரம் மேலே பார்த்தாள். பிளெக்ஸில் வீராசாமி மாலையோடு சிரித்தார். பக்கத்தில் தங்கதுரை.

அந்த நேரத்தில் அவன் இறங்கிப் போயிருக்க வேண்டும். "யோவ், அந்தப் பொண்ணு உன் சாவுக்குக் காத்துக்கினு இல்ல, நான்தான்யா கூப்ட்டுட்டேன்" என்று நான்கு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவன் செய்தது, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்ததுதான்.

அதற்குப் பிறகு, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். ஒருநாள் துணிந்து கட்டிலோரம் போய் உட்கார்ந்தான். "ணா, அன்னைக்கி நம்ம நிர்மலா வந்துச்சே..." என்று ஆரம்பித்தான்.

பிச்சைமுத்து, "நல்ல வேட்டிடா அது. கரை அகலமா இருந்துச்சு. பாத்தியா?" என்றார்.

இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? கூட்டிவரட்டுமா என்று கேட்க வாயெடுத்தான் தங்கதுரை. சட்டைப்பையில் போன் அடித்தது. சங்கராபுரத்துப் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டுக்கு செட் வேண்டுமாம். பேசிக்கொண்டே எழுந்து போனான். பேசி முடித்துத் திரும்பியபோது கிழவர் கண்ணசந்திருந்தார். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டான். எழுப்பியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டான்.

மாசி மாசம் ஒரு விடியற்காலையில் பிச்சைமுத்து போய்விட்டார். தங்கதுரை அதே மாடியில் அதே குழாய்களைக் கட்டினான். வீராசாமி பாட ஆரம்பித்தார். உறவுக்காரர்கள் வந்தார்கள், மாலைகள் வந்தன. நிர்மலா வரவில்லை.

பிச்சைமுத்துவின் மகன் தமிழழகனைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சிக்கு ஆள் அனுப்பலாம்டா" என்றான் தங்கதுரை.

"நைனா இன்னா சொன்னாரு? பாட்டு கேட்டா வான்னாரு. கேக்குதுல்ல? வரட்டும். ஆள் அனுப்ப மாட்டேன். எவனாவது போன் பண்ணான்னா அவனும் இந்த எழவுல நிக்கக் கூடாது."

ஜெயம்மாள் பிணத்தின் தலைமாட்டிலிருந்து அடிக்கடி தெருவை எட்டிப் பார்த்தாள். நிர்மலா வராத காரணம் தங்கதுரைக்குத் தெரியும். அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், நம்பமாட்டாள். அதைச் சொல்வதானால் எதனால் நம்பமாட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடியிருக்கிற அத்தனை சனத்தின் முன்னால், கேசட்டுக்கு விழாக் கொண்டாடி ஒரு பெண்ணை அப்பன் வாசலில் அசிங்கப்படுத்தியவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். பாட்டு ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்று போனது. மூன்றாவது பாட்டில் இருமல் வரும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது. வெயில் உச்சிக்கு ஏறியது. கீழே பாடை கட்டி முடித்துவிட்டார்கள்.

குளிப்பாட்டத் தூக்கினபோது ஜெயம்மாள், "எம்மா நிர்மலா" என்று கூப்பிட்ட குரல் மாடிக்கு வந்தது. தங்கதுரை பாட்டை நிறுத்தினான். மைக்கை எடுத்தான்.

"நிர்மலா. தாயி. நான் மைக்செட்டுக்காரன் பேசுறன். இது வீராசாமி நாளு இல்லம்மா. நெசம்மா. நைனா பூட்டாரு. அன்னைக்கி வந்தது உன் தப்பு இல்ல, என் தப்பு. யார்கிட்டயும் சொல்லாம போட்டேன். வாம்மா. சீக்கிரம் வா."

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. தமிழழகன் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே படியேறி வந்தான். பாதிப் படியில் என்ன நினைத்தானோ, அங்கேயே உட்கார்ந்துகொண்டான். தங்கதுரை மறுபடியும் அதையே சொன்னான்.

பாடை கிளம்பி முச்சந்தியில் இறக்கி வைத்திருந்தபோது அவள் வந்தாள். சேலைக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை, கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கோடு. வெட்டுகிற காட்டிலிருந்து அப்படியே யாரோ வண்டியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு போய் அப்பன் முகத்தில் முகம் வைத்தாள். கொஞ்ச நேரம்தான். பெரியவர்கள் நேரமாகிறது என்றார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தங்கதுரை தெருவில் அவள் எதிரே போய் நின்றான். "தாயி, செருப்பால அடி, வாங்கிக்கிறேன். இவ்ளோ நேரம் சொல்லாம இருந்ததும் நான்தான்" என்றான்.

அவளுக்குக் கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"பாட்டு காலையிலயே கேட்டுச்சுண்ணா" என்றாள். "கூட வெட்டுறவங்க யாரு செத்தாங்கன்னு கேட்டாங்க. ஒருத்தரும் சாவல, எங்க ஊரு மைக்செட்டுக்காரரு பாட்டுக்குப் பொறந்த நாள் கொண்டாடுறாரு, எங்க நைனா கல்லு மாதிரி உக்காந்து கஞ்சி குடிப்பாருன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும் சிரிச்சேண்ணா. மத்தியானம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."