நிற அட்டை மேல் போட்ட பழி

பிழையை ஒப்புக்கொள்ளுகிற ஆள் இல்லை நான். கறியில் உப்புக் கூடினால் உப்பின் மேல்தான் பழி போடுவேன். அந்தக் குணம் ஒரு பெண்ணின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் நான் மன்னார்த் தீவில் அரசாங்க மருத்துவிச்சி. கிழமைக்கொரு நாள் கீரி என்ற மீனவக் கிராமத்துக்குப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பேன். உடம்பில் இரத்தம் போதுமா என்று அறிய ஒரு நிற அட்டை தந்திருந்தார்கள். விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் எடுத்து, அட்டையிலுள்ள சிவப்புகளோடு ஒப்பிடவேண்டும். மேலே கடுஞ்சிவப்பு, அது நல்லது. கீழே போகப்போக நிறம் வெளிறிக்கொண்டு போகும்.

கீரியில் ஒருத்தியின் சொட்டும் மேல் வரிசைக்கு வரவில்லை. பத்துப் பேரைக் குத்தினால் பத்தும் கீழேதான் நின்றன. இத்தனை பேருக்கும் ஒரே குறையா, அதெப்படி? உப்புக்காற்றுப் பட்டு அட்டை கறுத்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு எல்லோருக்கும் இரண்டு படி கூட்டி, கொப்பியில் ‘சாதாரணம்’ என்று எழுதிக்கொண்டு போனேன்.

அவர்களில் ஒருத்தி வங்காலையில் பிறந்து கீரியில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். அவளுடைய சொட்டுத்தான் எல்லோரிலும் வெளிறியது. “பயப்பிடாதேங்கோ, தாய் வீட்டில போய்ப் பெறுங்கோ” என்று அவளையும் அனுப்பிவைத்தேன்.

அடுத்த கிழமை புதிதாக வந்த ஒருத்தி விரலைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். எனக்கோ பொறுமை கிடையாது. “இஞ்ச பாருங்கோ, நோகாது” என்று என் விரலையே குத்திக் காட்டினேன். அப்போது நானும் ஏழு மாதம். சொட்டுக் காய்ந்ததும் சும்மா அட்டையோடு வைத்துப் பார்த்தேன். மேல் வரிசைச் சிவப்போடு அச்சொட்டாகப் பொருந்தியது.

அதே அட்டை, அதே உப்புக்காற்று. எனக்கு மாதச் சம்பளமும் முட்டையும் இறைச்சியும் இருந்தன. கீரிப் பெண்களின் வீட்டிலோ நல்ல மீன் முதலாளிக்குப் போய்விடும், மிஞ்சியது ஆணுக்கும் பிள்ளைகளுக்கும், சட்டியில் ஒட்டிய தேங்காய்ப்பால் சொதி பெண்ணுக்கு. அட்டையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

வங்காலைக்கு அனுப்பியவளின் நினைவு வந்தது. அப்படி வெளிறியவளுக்குப் பிள்ளைப்பேற்றில் கொஞ்சம் இரத்தம் போனாலே ஆபத்து. மற்றவர்களை மறுநாளே திரும்ப வரச்சொல்லிவிட்டு, மாட்டுவண்டி பிடித்து வங்காலைக்குப் போனேன். வழி முழுக்க மாதாவைக் கூப்பிட்டபடி இருந்தேன்.

அவள் தாய் வீட்டு முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். வயிறு இன்னும் இறங்காமல் இருந்ததைக் கண்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

“நான் சொன்னது பிழை. உங்களுக்கு இரத்தம் காணாது. வாங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போவம்” என்றேன். அந்த முதல் வசனத்தைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆசுப்பத்திரியில் இரும்பு மருந்து, ஈரல், முட்டை. பல் கறுத்தாலும் மருந்தை முகம் சுளிக்காமல் குடித்தாள். நாலு கிழமையில் அவளுடைய சொட்டு நடு வரிசைக்கு ஏறியது.

பிள்ளை பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இரத்தம் போனது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. நான் கதிரையில் தொப்பென்று இருந்து விக்கி விக்கி அழுதேன். அப்படியொரு நிம்மதியைப் பிறகு என் சொந்தப் பிள்ளை பிறந்தபோதுகூட நான் அறியவில்லை.

“என்ன மிஸ்ஸி, பெத்தது நான், அழுறது நீங்களோ?” என்று சிரித்தாள். “மூச்சு வாங்கிறதும் தலை சுத்திறதும் பிள்ளைத்தாச்சியெண்டா வாறதுதான் எண்டெல்லோ நினைச்சனான். எங்கட பக்கத்தில எல்லாருக்கும் அப்பிடித்தானே.”

“ஓம், அதுதான் பிழை” என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டு.