குரல் போன அண்ணாவோடு மொன்றியலில் ஒரு கிழமை

2006 ஜூலையில் என் அண்ணா அன்ரனோடு லண்டனிலிருந்து மொன்றியலுக்குப் போனேன். கோடையில் அங்கே நடக்கும் நகைச்சுவை விழாவில் அவருக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஏழு நிமிடத்துக்காக ஒருவர் அத்லாந்திக்கைத் தாண்டுவாரா என்று கேட்காதீர்கள். அந்த அரங்கில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் ஆள் தேடிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். தாண்டத்தான் வேண்டும்.

அண்ணாவைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். மன்னாரில் பிறந்து சிறு வயதிலேயே லண்டனுக்கு வந்தவர். பள்ளியில் அடி விழும்போலிருந்தால் தலைமை ஆசிரியரின் குரலில் பேசி, அடிக்க வந்தவனையே சிரிக்க வைத்துவிடுவார். பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பார், மாலையில் மதுக்கடை மேடைகளில் பலகுரல் செய்வார். அப்படி ஒரு மாலையில் வானொலித் தயாரிப்பாளர் ஒருவர் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். அதன்பிறகு பிரதமர், பிரபுக்கள், கிரிக்கெட் வர்ணனையாளர் என்று பாதி இங்கிலாந்தே அவருடைய தொண்டையில் குடியிருந்தது. வானொலியில் அவர் எந்த வெள்ளைக்காரராகவும் இருக்கலாம். தொலைக்காட்சிக்குப் போனால் மட்டும் எப்போதும் தெருமூலை மளிகைக் கடைக்காரர் வேடம், இரண்டு வசனம். முகத்தால் பிழைக்க முடியாது, குரல்தான் தனக்குச் சோறு போடும் என்று முடிவு கட்டியிருந்தார். ஒப்பந்தம், பயணச்சீட்டு, இருமல் மருந்து எல்லாம் தங்கையான என் பொறுப்பு.

ஹீத்ரோவிலிருந்து ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அண்ணாவுக்கு ஏறும்போதே தடிமன், மூக்கொழுகலும் தொண்டை நோவும். படுத்துத் தூங்கியிருக்கலாம். அவரோ போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஏழு நிமிடத்தையும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி விமானப் பணியாளரை இரண்டு தரம் கூப்பிட்டார்.

எங்கள் சித்தியின் மகள் ரெஜினா மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் இருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம். அவளுடைய கணவர் சேவியர் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறார். விழாவில் அண்ணாவின் முறை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை, அவர்களுடைய பங்குக் கோயில் கூரை நிதிக்காக மண்டபத்தில் அண்ணாவின் நிகழ்ச்சி. அதை ஒழுங்கு செய்தவரும் சேவியர்தான்.

மறுநாள் காலை அண்ணா மேசைக்கு வந்து வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தோம். பிறகு அவருடைய கண்ணைப் பார்த்தோம்.

கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். (கனடாவுக்குப் போகிறவர்கள் பயணக் காப்புறுதி எடுக்காமல் போகாதீர்கள். வெளிநாட்டவர் முழுக்கட்டணம் கட்ட வேண்டும்.) தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பிரெஞ்சில் தொடங்கி எங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறினார். "குரல்நாணில் இரத்தம் கசிந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு சத்தமும் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது. மீறினால், பிறகு குரல் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள்."

லண்டனிலிருந்து அண்ணாவின் முகவர் தொலைபேசியில் வந்தார். "ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு ஏறச் சொல். ஏழு நிமிடம்தானே? இப்படி ஒரு வாய்ப்பு அவனுக்கு இனி வராது."

தொலைபேசியை அண்ணாவின் காதில் வைத்தேன். முழுவதையும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தலையை இல்லையென்று அசைத்தார். "வரமாட்டார்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அண்ணா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

பின்னேரம் வேலை முடிந்து வந்த சேவியர் நேரே அறைக் கதவைத் தட்டி அண்ணாவை ரெஜினா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குக் கூட்டிவந்தார். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, கையையும் ஆட்டி உரக்கக் கத்தினார். "மச்சான்! சனிக்கிழமை! யோசியாதேங்கோ! நான் ஃபாதரோட கதைச்சு நிப்பாட்டுறன்!"

"அவருக்குக் காது நல்லாக் கேக்குதப்பா" என்றாள் ரெஜினா.

அண்ணா சேவியரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். இடது தோளை இறக்கி, லொறியின் ஜன்னலில் முழங்கை ஊன்றிப் பழகியவரைப்போல ஒரு பக்கம் சரிந்து, இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்து, காற்சட்டையை மேலே இழுத்துக்கொண்டு குசினியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரெஜினா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இப்பிடியே நடக்கிறனான்?" என்றார் சேவியர்.

"இதைவிட மோசம்" என்றாள் ரெஜினா.

"ஒண்டையும் நிப்பாட்ட வேண்டாம். சத்தமில்லாமலே செய்வம்" என்று நான் சொன்னேன். அண்ணா என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை.

அடுத்த நாள் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் நகரத்துக்குள் போனோம். கர்க்லாண்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், சீட்டு இரண்டரை டொலர். அண்ணா கோயிலும் பார்க்கவில்லை, மலையும் ஏறவில்லை. மெட்ரோவில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெப்பனர் என்று அங்கே சொல்லும் சின்னக் கடையில் தண்ணீர் வாங்கப் போனவர், சில்லறை எண்ணும் பெண்ணைப் பார்த்தபடி நின்றதில் வரிசையே நீண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை, அவர் மேடையேறியிருக்க வேண்டிய நாள். வீட்டில் இருக்க விடக் கூடாதென்று ரெஜினா எங்களைப் பக்கத்திலிருக்கும் இல்-பிசார் தீவுக்குக் கூட்டிப்போனாள். கோடையில் அங்கிருந்து அக்கரையிலுள்ள லாவாலுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போகும். கட்டணம் சில டொலர்கள், சில்லறையாகக் கொண்டுபோங்கள். படகுக்காரர் வாயே திறக்காமல் இரண்டு விரலால் கார்களை நிறுத்தினார், நகர்த்தினார், ஒருவரை வெட்கப்படவும் வைத்தார். அண்ணா மூன்று தரம் போய்வந்தார். மூன்றாம் தரம் படகுக்காரர் அவரிடம் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சீட்டு வாங்கியவர்கள் வானொலிக் குரலைக் கேட்க வந்தவர்கள். அண்ணா திரைக்குப் பின்னாலிருந்து சேவியராக நடந்து வந்தார்.

"இது ஆர்?" என்று கேட்டேன்.

மண்டபமே "சேவியர்!" என்று கத்தியது. அதன்பிறகு எனக்கு அந்த ஒரு கேள்விதான் வேலை. சில்லறை எண்ணும் பெண் வந்தாள், படகுக்காரர் வந்தார், மெட்ரோவில் நின்றபடியே தூங்கும் மனிதர் வந்தார். பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கத்தினார்கள், பெற்றோர் தமிழில் கத்தினார்கள்.

நடுவில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணை, பிரதமரின்ர குரலை ஒருக்கா எடுங்கோ! ஒரு வசனம் எண்டாலும் காணும்!" என்றார். கைதட்டல். அண்ணா மேடையின் முன்னுக்கு வந்து மூச்சை உள்ளே இழுத்தார். வாய் திறந்தது. ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடத் தயாரானேன். அவர் அந்த வாயை அப்படியே அகலச் சிரிப்பாக்கி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, இல்லாத கமெராவுக்குத் தலையைச் சாய்த்தார். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "பிரதமர்!"

கடைசியாக ஒரு பெண் வந்தாள். இரண்டு கையாலும் கற்பனை ஒலிவாங்கியை நெரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் கூட்டத்தைப் பயத்தோடு பார்த்தாள். "இது ஆர்?" என்று நான் கேட்பதற்குள் மண்டபம் என்னைக் கைகாட்டிச் சிரித்தது. அரங்குகளின் ஓரத்தில் இத்தனை வருடம் நின்றிருக்கிறேன், என்னை யாரும் கவனித்ததாகவே நான் நினைத்ததில்லை.

போகிறவர்களுக்கு: ஜூலையில் விடுதி கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதியுங்கள். இல்-பிசாருக்கு பஸ் குறைவு, தெரிந்தவரின் கார் நல்லது. பேச்சை 'பொன்ஜூர்' என்று தொடங்கினால் மிச்சத்தை அவர்களே ஆங்கிலத்தில் பார்த்துக்கொள்வார்கள். தொண்டை நோவோடு விமானம் ஏறினால் வாயை மூடிக்கொண்டு தூங்குங்கள்.

அமெரிக்கக்காரர்கள் அண்ணாவைப் பார்க்கவே இல்லை. அவருடைய உச்சக் குரல்களும் பிறகு திரும்பவில்லை, பிரதமரின் குரல் போனது போனதுதான். ஆனால் லண்டனுக்கு வந்ததும் நாடகக் குழுக்களிடம் நடிக்க வாய்ப்புக் கேட்டு எழுதும்படி எனக்குக் கையால் காட்டினார். அடுத்த வருடமே மேடையில் ஒரு நீதிபதியாக, யாரையும் பாவனை செய்யாமல், இரண்டு மணி நேரம் நடித்தார்.

மூன்று வாரம் முடிந்த அன்று லண்டன் டாக்டர், "இப்போது ஏதாவது பேசிப் பாருங்கள்" என்றார். யாருடைய குரலில் தொடங்குவார் என்று நான் காத்திருந்தேன். வீட்டில்கூட அவர் எப்போதும் யாரோ ஒருவராகத்தான் பேசுவார். அண்ணா என் பக்கம் திரும்பினார். "வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். தணிந்த, சற்றே கரகரத்த குரல். அதற்கு முன் நான் அதைக் கேட்டதே இல்லை.